ஜட்ஜ் வீட்டில் வயர்மேன்

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வயர்மேன் என்றுதான் சொல்வார்கள். தபால்காரர்கூட "வயர்மேன் வீடு இதுதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுப்பார். இருபத்திரண்டு வயதில் கையில் டெஸ்டரைப் பிடித்தவர், அறுபத்து நான்கு ஆகியும் அதை விடவில்லை. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, டெஸ்டர் இருக்கும். எங்கள் கல்யாணப் போட்டோவை உற்றுப் பார்த்தால் அதிலும் அதன் மஞ்சள் தலை தெரியும்.

அவர் என்னைக் கூப்பிடுவது "டீச்சர்". நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியது கிடையாது. பத்தாவது முடித்தவள், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், யார் தப்பு செய்தாலும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவேன். அதனால் கிடைத்த பட்டம் அது. அவருடைய எழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கோழி கிளறின மாதிரி இருக்கும். கல்யாணமான புதிதில், எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று அவர் சொல்லச் சொல்ல, சின்னச் சின்னக் காகிதத் துண்டில் நான்தான் எழுதிக் கொடுப்பேன். அதை எடுத்துப் போய் ஸ்விட்ச் போர்டுக்குள் ஒட்டிவிட்டு வருவார். மகள் பிறந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டேன். பிள்ளையைப் பார்ப்பேனா, ஸ்விட்சுக்குப் பெயர் வைப்பேனா?

இப்போது நான் ஒரு நோட்டு போட்ட கதைக்கு வருகிறேன். அது ஆறு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. மேல் வீட்டுக்காரர்களுக்குக் காலிங் பெல் மாட்டிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து அவர்கள் குளியலறை விளக்கைப் போடும்போதெல்லாம் பெல் அடித்தது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று அந்த அம்மா ஓடிப்போய்க் கதவைத் திறப்பதும், உள்ளேயிருந்து அவர் கணவர் "நான்தான், குளிக்கப் போறேன்" என்று கத்துவதுமாக இரண்டு நாள் ஓடியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் மகள் சிரிக்கவில்லை.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதற்கும் எண் போட்டு, தேதி போட்டு, சீட்டு ஒட்டினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

"அம்மா, அப்பாவுக்கு மறதி ஜாஸ்தியாகுது. நீ ஒரு நோட்டு போடு. என்னென்ன மறக்கிறாரோ தேதியோட எழுது. டாக்டர்கிட்ட வாய்ல சொன்னா ஒண்ணும் நிக்காது" என்றாள்.

"எழுதி என்ன பண்ணப் போற?"

"டாக்டர் சொல்லிட்டா வேலையை நிறுத்திடலாம். அந்த டூல்ஸ் பையை யாருக்காவது கொடுத்துடலாம். கரண்டும்மா அது. ஒரு தடவை மறந்தாப் போதும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் பயம்தான். கருப்பு ரெக்சின் பை, கைப்பிடி பிய்ந்து பிய்ந்து இன்சுலேஷன் டேப் சுற்றியே தடித்துப் போனது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வாசல் தாண்டினால், திரும்பி வரும்வரை நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பேன். அன்று பக்கத்து அறையில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மகள் போனதும் வந்து என் எதிரில் நின்றார்.

"பையை எடுத்துட்டா நான் எங்க போய் நிக்கிறது டீச்சர்?"

"முதல்ல தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றேன். என் வாய்க்கு அப்போது அதுதான் வந்தது. அவர் தள்ளி நின்றார்.

நோட்டு போட்டேன். ஒன்று, காலிங் பெல். இரண்டு, டெஸ்டரைக் காய்கறியோடு ஃபிரிட்ஜில் வைத்தது. மூன்று, ஏணியை ஒரு வீட்டில் விட்டுவிட்டு இன்னொரு வீட்டில் போய்ச் சண்டை போட்டது. நான்கு, மகளை "டீச்சர்" என்று கூப்பிட்டது. ஐந்து, பக்கத்துத் தெரு ஃபியூஸ் கட்டை.

அந்த ஐந்தாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வேலை ஆரம்பிக்கும் முன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிடுங்கி அங்கேயே வைத்தால், விவரம் தெரியாத யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள், உள்ளே கை வைத்திருக்கிற ஆள் போய்ச் சேர வேண்டியதுதான். "ஃபியூஸ் என் நெஞ்சுல இருக்கிற வரைக்கும் எனக்குச் சாவு இல்ல" என்பார். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தத் தெருவில் வேலையை முடித்தவர் கட்டையை மாட்டாமலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த வீட்டில் சாயங்காலம் முழுக்க மெழுகுவத்தி. கட்டை மறுநாள் துவைக்கப் போட்ட சட்டையில் எனக்குக் கிடைத்தது.

ஆறிலிருந்து பதினொன்று வரை எழுதியதைப் படித்தால் எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும். சோப்பு வாங்க மறந்தது என்று ஒன்று. கல்யாணமான நாளிலிருந்து அவர் சோப்பை மறக்காமல் வாங்கியதே இல்லை, அது எந்தக் கணக்கில் மறதி? ஆனால் எழுத ஆரம்பித்தால் என் கை நிற்காது.

டாக்டரைப் பார்க்கப் புதன்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மருமகன் ஒரு யோசனை சொன்னார்.

"எல்லாருமா ஜட்ஜ் வீட்டுக்குப் போயிட்டு வரலாமா அத்தை? மாமாவுக்கும் மனசுக்கு மாறுதலா இருக்கும்."

மருமகன் தங்கமான பையன். ஒரே ஒரு வியாதி உண்டு. எங்கே என்ன எழுதி ஒட்டியிருந்தாலும் நின்று கடைசி எழுத்துவரை படிப்பார். மருந்துக் கடைப் பலகையைப் படித்து இரண்டு தடவை பஸ்ஸை விட்டவர். அவருக்கு அருங்காட்சியகம் என்றால் கேட்கவா வேண்டும். ஜட்ஜ் வீடு என்பது பெரிய பெயரெடுத்த நீதிபதி ஒருவர் வாழ்ந்த வீடு. அவர் காலமாகி முப்பத்து நான்கு வருடமாம். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் ரொம்ப நாள் பூட்டியே வைத்திருந்துவிட்டு, ஆறு வருடத்துக்கு முன்னால் அருங்காட்சியகமாக்கக் கொடுத்தார்களாம்.

போனோம். புதுச் சுற்றுச்சுவர், புது வாசல், வெள்ளைச் சுண்ணாம்பு. டிக்கெட் வாங்கி, செருப்பின் மேல் துணியுறை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தோம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு சின்னப் பெண் விளக்கம் சொல்ல வந்தாள். எங்களைத் தவிர வேறு கூட்டம் இல்லை.

"இங்க இருக்கிற ஒவ்வொரு பொருளும் ஐயா கடைசி நாள்ல எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு" என்று ஆரம்பித்தாள். ஐயாவின் கைத்தடி, கண்ணாடி, கறுப்பு அங்கி. மருமகன் ஒவ்வொரு சீட்டாகப் படித்துக்கொண்டே பின்னால் வந்தார். என் வீட்டுக்காரர் ஒரு பொருளையும் பார்க்கவில்லை. மோட்டுவளையையே பார்த்துக்கொண்டு நடந்தார். ஒரு தூணில் இடித்துக்கொண்டார்.

"கீழ பாத்து வாங்க" என்றேன்.

"டீச்சர், இந்த வீட்ல நான் வேலை செஞ்சிருக்கேன்."

"நீங்க எந்த வீட்லதான் செய்யல. வாங்க."

அடுத்தது ஐயாவின் எழுத்தறை. சிவப்புக் கயிறு கட்டி, அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மேஜை, நாற்காலி, மைக்கூடு, அடுக்கடுக்காகச் சட்டப் புத்தகம். சுவரில் ஐயாவின் ஆளுயரப் படம். மேலே ஒரு விளக்கு. "இந்த மேஜையில உக்காந்துதான் ஐயா தன்னோட பிரபலமான நூலை எழுதினார்" என்று அந்தப் பெண் சொல்லும்போதே விளக்கு பொசுக்கென்று அணைந்தது.

"மன்னிச்சிடுங்க. இந்த ஒரு ரூம்ல மட்டும் அடிக்கடி இப்படி ஆகும். ரெண்டு வருஷமா எத்தனையோ பேர் வந்து பாத்துட்டாங்க" என்றாள்.

"பாத்தா எப்படித் தெரியும்? பாக்க வேண்டிய இடத்துல பாக்கணும்" என்றார் இவர். "இது எழுத்தறை இல்லம்மா. இது சமையல்கட்டு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன்.

"இல்லைங்க சார், இது ஐயாவோட எழுத்தறை" என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்.

"மேல பாரும்மா. விளக்கு நடுவுலயா இருக்கு? ஒரு முழம் தள்ளி, சுவரோரமா இருக்கு. ஏன்? கீழ அடுப்பு மேடை இருந்துச்சு. சமையல்காரருக்குக் கண்ணு தெரியல, விளக்கை அடுப்புக்கு நேரா போடுன்னு ஐயாவே என்கிட்ட சொன்னாரு. மேடையை இடிச்சிருக்காங்க. விளக்கை யாரும் நகர்த்தல."

நான் மேலே பார்த்தேன். விளக்கு ஓரமாகத்தான் இருந்தது. மேஜை அறை நடுவில் இருந்தது. ஓரத்தில் விளக்கை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்து யார் எழுதுவார்கள்? ஒரு நொடி அவர் சொல்வது சரிதானோ என்று தோன்றியது. அடுத்த நொடி அதையும் அவரே கெடுத்தார்.

"உனக்குத் தெரியுமே டீச்சர். நீயும்தானே அன்னைக்கு வந்த. அந்த ஜன்னல்ல உக்காந்து எழுதின."

"நானா? இந்த வீட்டுக்கா?"

"ஆமா. காலையில வந்து பொழுது சாயத்தான் போனோம்."

"என்னங்க உளர்றீங்க? நான் இந்த வீட்டு வாசப்படியக்கூட மிதிச்சதில்ல!"

"மிதிச்ச டீச்சர்."

"சத்தியமா இல்ல!" நான் போட்ட சத்தத்தில் மருமகன் படிப்பதை நிறுத்திவிட்டார். மகள் என் கைப்பையைக் கண்ணால் காட்டினாள். எழுது என்று அர்த்தம். டெஸ்டரை ஃபிரிட்ஜில் வைப்பது ஒரு மாதிரி. இல்லாத நாளை இருந்ததாகச் சொல்வது வேறு மாதிரி. அதுவும் ஜன்னலோடு, நேரத்தோடு சொல்கிறார். ஐயோ, இவ்வளவு தூரம் போய்விட்டதா? அங்கேயே நோட்டை எடுத்து எழுதினேன். பன்னிரண்டு. நான் போகாத வீட்டுக்குப் போனதாகச் சொல்கிறார்.

அவர் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்ன எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாதா என்ன. அப்புறம் திடீரென்று சிவப்புக் கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போய், ஐயாவின் ஆளுயரப் படத்தின் இரண்டு பக்கமும் கையைக் கொடுத்தார்.

"சார்! சார்! தொடாதீங்க சார்!" என்று அந்தப் பெண் அலறினாள். வாசலில் இருந்த காவல்காரர் ஓடிவந்தார். அலுவலக அறையிலிருந்து பொறுப்பாளர் ஓடிவந்தார். மகள் "அப்பா, வெளிய வாங்கப்பா" என்று கெஞ்சினாள், அவள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. டிக்கெட் வாங்கி வந்து இப்படி மானம் போக வேண்டுமா?

"இந்தப் படத்துக்குப் பின்னால மரப் போர்டு இருக்கு சார். இந்த விளக்கு அந்த போர்டுலேர்ந்துதான் வருது. உள்ள ஃபியூஸ் தளந்திருக்கும். இல்லைன்னா நான் இப்பவே வீட்டுக்குப் போய்ப் பையைத் தூக்கிக் கொடுத்துடறேன்" என்றார் பொறுப்பாளரிடம். பொறுப்பாளருக்கு எந்தப் பை என்று புரியவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் புரிந்தது.

பொறுப்பாளர் அணைந்திருந்த விளக்கை நிமிர்ந்து பார்த்தார். அந்த விளக்கு அவரை எவ்வளவு பாடு படுத்தியிருக்கிறதோ, "சரி, மெயினை அணைச்சுட்டு வாங்க" என்று காவல்காரரை அனுப்பினார். படத்தை இரண்டு பேராகக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள்.

படத்துக்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருந்தது.

"பாத்தீங்களா சார்" என்றாள் அந்தப் பெண், பாவம், மெதுவாக. மகள் அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு, விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். டொக் டொக் என்று கல் மாதிரி கேட்டது. ஒரு அடி தள்ளித் தட்டினார். அங்கே சத்தம் மாறியது, பெட்டியைத் தட்டின மாதிரி. டெஸ்டரை எடுத்துச் சுண்ணாம்பைக் கீறினார். ஒரு கோடு தெரிந்தது. கோட்டோடு கீறிக்கொண்டே போனார். சதுரமாக ஒரு மரக்கதவு, அதன் மேல் அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். டெஸ்டரை இடுக்கில் விட்டு நெம்பினதும் கதவு கிரீச் என்று திறந்தது.

உள்ளே பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் வரிசையாக இருந்தன. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. மருமகன் செல்போன் வெளிச்சத்தைக் கதவின் உட்பக்கத்தில் அடித்திருந்தார். மரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. அவர் விடுவாரா, உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"சமையல்கட்டு விளக்கு. சமையல்கட்டு விசிறி. மாடிப்படி. படிக்குக் கீழே, ஐயா மேஜை விளக்கு." அப்புறம் கொஞ்சம் குனிந்தார். "அவர் சொன்னபடி எழுதினேன். தப்பு இருந்தால் அவர்தான் பொறுப்பு. இப்படிக்கு, டீச்சர்."

"டீச்சர்னா யாருங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

நான் கயிற்றைத் தாண்டி உள்ளே போனேன். என்னை யாரும் தடுக்கவில்லை. அச்சடித்த மாதிரி எழுத்து. 'ழ'வுக்கு நான் போடுகிற நீளமான வால், பெயருக்குக் கீழே நான் போடுகிற இரட்டைக் கோடு. தேதியும் இருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு மாதம் அப்போது. காகிதத் துண்டாக இருந்தாலாவது வீட்டில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன் என்று சொல்லலாம். இது கதவுப் பலகை. சுவரோடு பதித்த கதவு என் வீட்டுக்கு வந்திருக்காது. நான்தான் இங்கே வந்திருக்கிறேன்.

ஜன்னலைப் பார்த்தேன். உட்காரும் அளவுக்கு அகலமாகத்தான் இருந்தது. கதவைத் தொட்டேன், தரையைப் பார்த்தேன், கண்ணை மூடி யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு துளிகூட வரவில்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு முழு நாள் இங்கே இருந்திருக்கிறேன், அது எங்கே போனது? இது போனால் இன்னும் என்னென்ன போயிருக்கும்? போனது தெரிந்தால் அல்லவா தேடுவதற்கு?

"அம்மா, நீ வந்ததே இல்லன்னு சத்தியம் பண்ணினியே?" என்றாள் மகள். அவள் குரல் மாறியிருந்தது. அப்பாவைப் பற்றிப் பேசும்போது வருகிற குரல் அது.

நான் இன்னும் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் திரும்பினார். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான், சிரித்தார்.

"உங்கம்மாவுக்கா மறக்கும்? நல்லாக் கேட்ட போ. என்னை வம்புக்கு இழுக்கிறா. அன்னைக்கும் இப்படித்தான், நாள் முழுக்க என்னைத் திட்டிக்கிட்டே எழுதினா. கடைசி வரியைப் பாரு."

மகள் பாதி நம்பினாள். நான் பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவரை எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். அவர் கண் முன்னாலேயே நோட்டில் எழுதினேன். ஆறு மாதமாக ஒரு தடவைகூட அவருக்காக நான் இப்படிச் சிரித்துச் சமாளித்ததில்லை. சோப்பைக்கூட விடவில்லை.

அதற்குள் அந்த அறையில் வேறு கலவரம் ஆரம்பித்திருந்தது. "அப்போ ஐயா எழுதின இடம் எது?" என்று பொறுப்பாளர் கேட்க, "மாடிப்படிக்குக் கீழ சார். குனிஞ்சுதான் போகணும். அங்க சத்தம் கேக்காதுன்னு ஒரு சின்ன மேஜை போட்டு எழுதுவாரு" என்று இவர் சொன்னார். எல்லாரும் மாடிப்படிக்குப் போனோம். படிக்குக் கீழே துடைப்பம், வாளி, தரை துடைக்கிற துணி. மேலே ஒரு பழைய தொங்கு விளக்கின் கொக்கி. மருமகன் அதைப் படம் எடுத்தார். கைடு பெண் திருதிருவென்று விழித்தாள். ஆறு வருடமாக இங்கே எல்லாரும் அடுப்பங்கரையைக் காட்டி எழுத்தறை என்று சொல்லி வந்திருக்கிறார்கள், அவள்மேல் என்ன தப்பு. பொறுப்பாளர் குரலைத் தாழ்த்தி, "இதை இப்போதைக்கு வெளிய சொல்லாதீங்க" என்றார்.

வயர்மேன் தன் வேலையைப் பார்த்தார். கட்டையைப் பிடுங்கினார், திருகை முறுக்கினார், கருகியிருந்த முனையைக் காவல்காரர் கொண்டுவந்த கத்தியால் வெட்டி மறுபடி சுற்றினார். மெயினைப் போட்டதும் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம், அணையவில்லை. பொறுப்பாளர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

தோட்டத்துப் பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். மகளும் மருமகனும் வாசல் பக்கம் பேசிக்கொண்டு நின்றார்கள்.

"எனக்கு ஞாபகமே இல்லைங்க" என்றேன்.

"தெரியும்."

"நெஜமாவே ஒண்ணுமே இல்ல."

"அதான் தெரியும்கிறேனே. உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுது." டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார். "அன்னைக்கு நம்ம வீட்டுக் கதவு தாழ்ப்பாள் உடைஞ்சு போச்சு. தனியா இருக்கப் பயமா இருக்குன்னு என் கூடவே வந்துட்ட. தூசி படுதுன்னு என் பழைய சட்டையை மேல போட்டுக்கிட்ட. சமையல்காரர் உன்னை நான் கூட்டிட்டு வந்த ஆளுன்னு நெனச்சு ஏணியைப் பிடிக்கச் சொன்னாரு. நீ ஒரு பார்வை பாத்த, மனுஷன் அப்புறம் அந்தப் பக்கமே வரல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒரு டீகூட வாங்கிக் கொடுக்கலன்னு கோவத்துல அந்தக் கடைசி வரியை எழுதின."

யாரோ ஒருத்தியின் கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவளைத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் என் முதுகில் கையை வைத்தார். அப்படிச் சாய்ந்தபோதுதான் என் தோளில் கெட்டியாக என்னவோ இடித்தது. அவர் சட்டைப் பை.

கையை விட்டுப் பார்த்தேன். பீங்கான் ஃபியூஸ் கட்டை.

"இது எதோடது?"

அவர் முகம் செத்துப்போய்விட்டது. "மாடிப்படியோடது" என்றார். "பக்கத்துல கை படுமேன்னு அதையும் பிடுங்கினேன்." பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, அவரே என் கைப்பையைக் காட்டினார். "எழுதிக்க டீச்சர். இதாவது நெஜம்."

நான் எழுந்தேன். வாசலில் மகள் "எங்கம்மா போற?" என்றாள். "ஜன்னல்ல என் கைக்குட்டையை வெச்சுட்டேன், எடுத்துட்டு வரேன், அப்பா இல்லாம எனக்கு வழி தெரியாது" என்று சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பொறுப்பாளர் கேட்கும் முன்னாலேயே "கடைசியா ஒரு தடவை சரிபாக்கணுமாம்" என்றேன். மெயினை அணைக்கச் சொல்லிக் கட்டையை மாட்டினார். மாடிப்படி விளக்கு எரிந்தது. திரும்பி வரும்போது என் கையில் கைக்குட்டை இருக்கிறதா என்று மகள் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் நோட்டை எடுத்தேன். பன்னிரண்டாவதை அடித்தேன். அதன் கீழே "ஜட்ஜ் வீட்டுக்குப் போனது மறந்துபோயிற்று" என்று எழுதினேன். யாருக்கு என்று எழுதவில்லை. எழுதப் பேனாவை வைத்தேன், கை வரவில்லை. ஃபியூஸ் கட்டையை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் குழம்பினேன். எழுதாவிட்டால் அவர் உயிருக்கு ஆபத்து, எழுதினால் அவருடைய பை போய்விடும். கடைசியில் எழுதினேன். பக்கத்திலேயே, "உடனே மாட்டிவிட்டார்" என்றும் எழுதினேன்.

புதன்கிழமை டாக்டர் அவரை ஒரு மணி நேரம் சோதித்தார். கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கடிகாரத்தை ஒழுங்காக வரைந்துவிட்டு, அதற்கு ஒரு வயரும் பிளக்கும் சேர்த்து வரைந்திருந்தார். டாக்டர் சிரித்தார். பிறகு நோட்டை வரி வரியாகப் படித்தார்.

"மறதி இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஸ்கேன் எடுத்துப் பாப்போம். தனியா கரண்டுல கை வைக்க வேண்டாம். கூட ஒரு ஆள் நின்னு சரிபாத்தா செய்யலாம். பையை இப்போதைக்குப் பிடுங்காதீங்க, அது போனா மனுஷன் உக்காந்துடுவார்."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு "சரி டாக்டர்" என்றாள். அவர் இவ்வளவு நேரமும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார், இப்போதுதான் விட்டார். டாக்டர் நோட்டை மூடப் போனவர், கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"இது என்ன, ஒரு வரி அடிச்சிருக்கு? கீழ 'ஜட்ஜ் வீட்டுக்குப் போனது மறந்துபோயிற்று'ன்னு இருக்கு. ஒரு வீட்டுக்குப் போனதே சுத்தமா மறந்துடுச்சா?"

"ஆமா டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர், சட்டென்று. "மறந்துட்டேன்."

மகள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர்" என்றேன். "அது நான்."

மகள் என் பக்கத்தில் வந்து நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் இழுப்பறையைத் திறந்து ஒரு புதுத் தாளை எடுத்தார்.

"உங்க வயசு என்னம்மா?"

"அம்பத்தொன்பது."

"அறுபது டாக்டர்" என்றார் வயர்மேன். "போன மாசம்தான் ஆச்சு."